ஒளியின் ஆயுள்

மைசூர் மண்டி மொஹல்லாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கு வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டுங்கள். கடைக்காரர் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கை, இருட்டறையில் அதன்மேல் காட்டுங்கள். மஞ்சள் நீர் பச்சையாக ஒளிரும். கொய்னா மருந்துக் கரைசல் இவ்வாறே நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ், 1852இல் இதற்கு ஃபுளோரெஸென்ஸ் என்று பெயரிட்டார். நாம் உடனொளிர்வு என்போம்.

பெயரில் 'உடன்' என்று இருப்பினும், அது உடனே பிறந்து உடனே மடிவதன்று. விளக்கு அணைந்த பின்னும் சற்றே தங்கிச் செல்கிறது. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால், பல பொருள்களில் அத்தங்கல் அவற்றுள் சில கூறுகளே. அத்தகைய ஒரு கூறு நேரத்தில் ஒளி ஏறக்குறைய ஓர் அடி தொலைவே செல்லும்! இதனை அளக்கும் கருவியை 1926இல் பெர்லினில் அமைத்தவர் அர்ஜெண்டினா நாட்டு அறிஞர் காவியோலா.

அதே காலத்தில், இந்த உடனொளிர்வு கல்கத்தாவில் நம்மவர் சிலரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. நிதித்துறை அலுவலுக்காக 1907இல் அந்நகர் சென்ற சர் சி. வி. இராமன், மாலைகளில் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர், பின்னர் பேராசிரியரானார். அவருடைய மாணவர், பாலக்காட்டுக் கல்பாத்தி கே. ஆர். இராமநாதன், 1923இல் தூய நீரில் ஒளியைச் செலுத்தியபோது, நிறம் மாறிய மெல்லிய ஒளிச்சுவடு ஒன்றைக் கண்டார். கலப்பால் விளைந்த 'மங்கிய உடனொளிர்வு' என்றே அதற்குப் பெயர் கிடைத்தது. எத்தனை முறை வடித்தும் அது போகவில்லை. ஐந்தாண்டுகள் அப்பெயரே உண்மையை மறைத்து நின்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

1928 தொடக்கத்தில் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் பல திரவங்களைச் சோதித்தபோது, அவ்வொளி ஒரு திசைப்பட்டு அதிர்வதைக் கண்டார். சாதாரண உடனொளிர்வாயின் இது அரிது; ஏனெனில் ஒளி தங்கும் நேரத்துக்குள், இளகிய திரவத்தின் மூலக்கூறு பலமுறை சுழன்று திசையை மறந்துவிடும். இங்கோ தங்கலே இல்லை. பிப்ரவரி 28இல் உறுதிப்பட்ட அப்புது ஒளியே இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் சென்றது. கிருஷ்ணன் பங்கினைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

அன்று இடையூறாக நின்ற உடனொளிர்வின் ஆயுளே இன்று உயிரணுவைப் படிக்கும் கருவியாகிவிட்டது. உயிரணுவில் என்.ஏ.டி.எச். என்னும் பொருள் தானாகவே ஒளிர்கிறது. அது தனித்திருக்கையில் ஒளியின் ஆயுள் அரைக் கூறுக்கும் குறைவு. புரதத்தோடு பிணைந்தால் பன்மடங்கு நீளும். ஒளியின் பிரகாசத்தை மட்டும் நோக்கினால் இவ்வேறுபாடு தெரியாது. பொருள் மிகுந்தால் பிரகாசமும் மிகும், ஆயுளோ மாறுவதில்லை. லேசர் துடிப்புக்குப் பின் ஒவ்வோர் ஒளித்துகளும் வந்து சேரும் நேரத்தைக் குறித்து, நுண்ணோக்கி புள்ளி புள்ளியாகப் படம் வரைகிறது. 1992இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் லாகோவிச் குழுவினர் இவ்விரு நிலைகளையும் படத்திலேயே பிரித்துக் காட்டினர். புற்றுநோய் அணு சர்க்கரையைச் செலவிடும் முறை மாறுவதை, சாயம் ஏற்றாமலே இவ்வழியில் அறிய முயல்கின்றனர். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு ஒரு நிலையம் வளர்த்த அம்மாசி பெரியசாமி, கிளெக் என்பாருடன் சேர்ந்து இதற்கென்றே 2009இல் ஒரு பெருநூல் தொகுத்தளித்தார்.