அடுப்பைத் தேடிச் சென்ற நகரம்

நியூயார்க்கின் பீட்சா வரலாறு மன்ஹாட்டனின் இத்தாலியக் குடியிருப்புகளில் தொடங்கினாலும், அவ்வுணவுக்காகவே பயணம் செய்து, மேசையில் கூடி அமர்ந்து உண்ணும் வழக்கம் வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது, புரூக்ளினின் தெற்கு விளிம்பில் அட்லாண்டிக் கடலை ஒட்டியுள்ள கோனி ஐலண்ட் ஆகும்.

1880-க்கும் 1920-க்கும் இடையில் அமெரிக்காவில் குடியேறிய ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியருள் பெரும்பாலோர் நேபிள்ஸ், சிசிலி முதலிய வறிய தென்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நேபிள்ஸில் விறகு அடுப்பில் சுடப்பட்ட பீட்சா நியூயார்க்கில் நிலக்கரி அடுப்புக்கு மாறியது. அந்நகரின் பேக்கரிகள், புகை குறைந்து வெப்பம் மிகும் 'ஆந்த்ரசைட்' என்னும் கெட்டி நிலக்கரியை எரித்து வந்தமையே அதற்குக் காரணம். செங்கல் அடுப்பின் ஒரு பக்கத்தில் கரி கனன்றுகொண்டிருக்க, சூடேறிய தளத்தின்மேல் நேரடியாக இடப்படும் மாவு, அடிப்புறம் ஆங்காங்கே கருகியும் உட்புறம் மென்மை குன்றாமலும் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. பல டன் எடைகொண்ட அத்தகைய அடுப்பைப் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆகவே உண்பவரே அடுப்பை நாடிச் செல்ல வேண்டியிருந்தது.

ஸ்பிரிங் தெருவில் ஜென்னாரோ லொம்பார்டியின் பீட்சா விற்பனை 1905-இல் தொடங்கியதாகக் கொள்வது மரபு. அங்குப் பணியாற்றிய அந்தோனியோ பெரோ, 1924-இல் கோனி ஐலண்டின் நெப்டியூன் அவென்யூவில் 'டோட்டோனோ' என்னும் தம் செல்லப்பெயரிலேயே கடை திறந்தார். அந்தோனியோ என்பதை நேபிள்ஸ் மக்கள் அவ்வாறு சுருக்கி வழங்குவர். கடை திறக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சுரங்க இரயில் கோனி ஐலண்டை எட்டியிருந்தது. 1948 வரை உயராத 5 சென்ட் கட்டணத்தில் தொழிலாளர் குடும்பங்களும் கடற்கரைக்கு வர முடிந்ததால், மையத்திலிருந்து விலகியிருப்பது அக்கடைக்குக் குறையாகவில்லை.

1940-களில் எரிவாயு அடுப்புகள் பரவியபோது, பீட்சா எந்தத் தெருமுனையிலும் சுடக்கூடியதாயிற்று. அதனோடு 'ஸ்லைஸ்' என்னும் ஒற்றைத் துண்டை வாங்கி, நின்றபடியோ நடந்தபடியோ உண்ணும் பழக்கமும் பெருகியது. டோட்டோனோவோ முழு பீட்சாவை மட்டுமே விற்றது; அன்றைய மாவு தீர்ந்தால் கடையையும் மூடியது. தனியொருவர் உண்டு முடிப்பதற்குப் பெரிதான முழு பீட்சா இயல்பாகவே பகிர்வை வேண்டி நிற்பதால், அங்கு உண்பது குடும்பத்தோடும் நண்பரோடும் அமர்ந்து உண்பதாகவே நிலைத்தது. அடுப்பின் முதன்மையை லொம்பார்டி கடையின் பிற்கால வரலாறும் காட்டுகிறது: 1984-இல் மூடப்பட்ட அக்கடை 1994-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, பழைய நிலக்கரி அடுப்பு எஞ்சியிருந்த பேக்கரிக் கட்டடமே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

2009-இல் டோட்டோனோ, வட்டாரப் பண்பைப் பேணும் உணவகங்களுக்கு ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அளிக்கும் விருதைப் பெற்றது. அதே ஆண்டு தீ விபத்தும், 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளியின் கடல்வெள்ளமும் கடையைச் சிதைத்தன. இரு முறையும் அது வேறிடம் நாடாமல் நெப்டியூன் அவென்யூவிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. பெயர்க்க முடியாத அடுப்பு ஒரு கடையை மட்டுமன்று, அதை நாடி வரும் தலைமுறைகளின் வழக்கத்தையும் ஓரிடத்தில் நிலைநிறுத்துகிறது.