வட்டமும் செவ்வகமும்: தில்லி நேரு அரங்கில் கிரிக்கெட் நுழைந்ததும் வெளியேறியதும்

தென்னாப்பிரிக்க வெள்ளையரான கெப்ளர் வெசல்ஸ் தில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் இரண்டு முறை மட்டை பிடித்தார். 1984 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவுக்காக ஆடி 107 ஓட்டங்கள் எடுத்தார். 1991 நவம்பர் 14 அன்று, நேருவின் பிறந்தநாளில், இனவொதுக்கலால் விலக்கப்பட்டு உலக அரங்குக்குத் திரும்பியிருந்த தன் தாய்நாட்டுக்காக ஆடி 90 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டு முறையும் தோற்றது இந்தியாதான். வரலாற்று மாணவருக்கு இதைவிட முக்கியமானது வேறொன்று: அந்த அரங்கில் நடந்த அதிகாரபூர்வ ஒருநாள் பன்னாட்டு ஆட்டங்கள் மொத்தமே இவ்விரண்டுதான். நாட்டின் தலைநகரில், அரசு செலவில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும்படி கட்டப்பட்ட ஓர் அரங்கில் நாட்டின் பெருவிளையாட்டு இரண்டே முறை ஆடிவிட்டு வெளியேறியது ஏன்?

விடை தேடுவதற்கு முன் அயர்லாந்துக்குச் சென்று வருவது பயனுடையது. ஒரு விளையாட்டின் மைதானத்தை இன்னொரு விளையாட்டுக்குத் திறக்கலாமா என்ற வினா அங்கே எழுந்த அளவுக்கு வேறெங்கும் எழுந்ததில்லை. 1884-இல் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் தடகளச் சங்கம், ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய நாட்டு விளையாட்டுகளை ஆங்கிலேய விளையாட்டுகளின் படையெடுப்பிலிருந்து காக்க எழுந்த அமைப்பு. உறுப்பினர் ஒருவர் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் போன்ற அயல் விளையாட்டுகளை ஆடுவதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும் தடை இருந்தது. சங்கத்தின் புரவலராகவும் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் இருந்த டக்ளஸ் ஹைட், 1938-இல் ஒரு பன்னாட்டுக் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கச் சென்றதற்காகப் புரவலர் பதவியை இழந்தார். ஐரிஷ் மொழியின் மீட்சிக்கு வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கே அந்தக் கதி. 1971-இல் அந்தத் தடை நீங்கியது. ஆனால் சங்கத்தின் மைதானங்களில் அயல் விளையாட்டுகளுக்கு இடமில்லை என்ற 42-ஆம் விதி நின்றது.

அந்த விதியின் பின்னால் குருதி இருந்தது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் கேலிக் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரித்தானியப் படையினர் புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தனர். எனவே 2005 ஏப்ரலில் சங்கத்தின் பேராயம் 227-க்கு 97 என்ற வாக்குகளில் விதியைத் தளர்த்தியபோது அது வெறும் வாடகை ஒப்பந்தமாகக் கருதப்படவில்லை. லான்ஸ்டவுன் ரோடு அரங்கு புதுப்பிக்கப்பட்ட காலத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, 2007 பிப்ரவரியில் ரக்பியும் மார்ச்சில் கால்பந்தும் குரோக் பார்க்கில் நுழைந்தன. இங்கிலாந்தின் நாட்டுப்பண் அங்கே ஒலித்தபோது கூட்டம் அமைதி காத்தது. அதன் பின் ஆட்டத்தில் அயர்லாந்து 43-13 என வென்றது.

இத்தனை சச்சரவிலும் ஒன்று மட்டும் சச்சரவாகவில்லை: இடம் போதுமா என்பது. கேலிக் மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். பன்னாட்டுக் கால்பந்துக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு 105-க்கு 68. பெரிய செவ்வகத்துக்குள் சிறிய செவ்வகம் அமர்ந்துவிடும். பக்கத்துக்கு 11 மீட்டரும் கோல் பின்னால் 20 மீட்டரும் புல் எஞ்சும். பார்வையாளர் சற்றுத் தொலைவில் இருப்பார், அவ்வளவே. இரண்டும் ஒரே புல்லில் ஆடப்படுபவை. ஆகவே அயர்லாந்தில் அளவைச் சொல்லி எழுந்த தடைகள் பெரும்பாலும் வேறொன்றின் முகமூடிகள். மறைந்த கால்பந்து வீரர் லியம் மில்லருக்காக 2018-இல் கார்க் நகர மைதானத்தில் நினைவு ஆட்டம் கேட்கப்பட்டபோது விதி முதலில் குறுக்கே நின்றது. அரசு நிதி பெற்ற மைதானம் அல்லவா என்ற பொதுக் கேள்வி எழுந்தபின் கதவு திறந்தது.

தில்லியில் நிலைமை தலைகீழ். இங்கே எவரும் எதையும் அயல் விளையாட்டு என்று தடுக்கவில்லை. தடுத்தது வடிவக்கணிதம்.

நேரு அரங்கு 1982 ஆசிய விளையாட்டுக்காக எழுந்தது. எம்.டி. வல்சம்மா 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கமும், பி.டி. உஷா 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளியும் வென்றது அங்கேதான். அதாவது அது பிறப்பால் தடகள அரங்கு. 400 மீட்டர் ஓடுபாதையின் இலக்கணம் கறாரானது: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே எஞ்சும் நிலத்தின் அகலம் 73 மீட்டர். இந்த நிலத்தில் 105-க்கு 68 கால்பந்துக் களத்தை வைத்தால் அதன் நான்கு மூலைகளும் நேர்ப்பகுதியைத் தாண்டி வளைவுக்குள் பத்து மீட்டர் நீளும். அந்த இடத்தில் நடுக்கோட்டிலிருந்து பாதையின் விளிம்பு 35 மீட்டரில் இருக்கும். களத்தின் மூலையோ 34 மீட்டரில். ஒரு மீட்டர் இடைவெளியில் செவ்வகம் தப்பித்துக்கொள்கிறது. உலகெங்கும் தடகளமும் கால்பந்தும் ஒரே கூரையின்கீழ் குடித்தனம் நடத்துவது இந்த ஒரு மீட்டரின் தயவால்தான். கால்பந்து ரசிகர் இதற்குக் கொடுக்கும் விலை, பாதைக்கு அப்பால் தள்ளி உட்கார்வது. கோலுக்குப் பின்னால் அமர்பவருக்கும் வலைக்கும் இடையே ஏறத்தாழ 36 மீட்டர்.

கிரிக்கெட்டுக்கு அந்தத் தயவும் இல்லை. இன்றைய பன்னாட்டு விதிப்படி எல்லைக்கோடு ஆடுகளத்தின் நடுவிலிருந்து குறைந்தது 65 கெஜம், அதாவது 59.43 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். எட்டுத் தடங்களையும் சேர்த்தால்கூட ஓடுபாதையின் வெளிவிளிம்பு நடுவிலிருந்து 46 மீட்டரில் முடிந்துவிடுகிறது. பக்கத்துக்கு 13 மீட்டர் பற்றாக்குறை. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், தடகள அரங்கில் கிரிக்கெட் ஆட ஓடுபாதையை விழுங்கி, அதற்கும் அப்பால் கை நீட்ட வேண்டும். ஓட்டக்காரரின் செயற்கைத் தளம் களத்தடுப்பாளரின் காலடியில் வந்துவிடும்.

பிறகு ஏன் 1983-இல் கிரிக்கெட் அங்கே வந்தது? விளக்குகளுக்காக. ஆசிய விளையாட்டுக்கென நிறுவப்பட்ட மின்விளக்குக் கோபுரங்கள் அன்று இந்தியாவின் கிரிக்கெட் மைதானங்கள் எதற்கும் வாய்க்காத சொத்து. அந்த ஆண்டு ஜூனில் கபில் தேவ் அணி உலகக் கோப்பையை வென்றிருந்தது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் ஒரு காட்சி ஆட்டம் பகலிரவாக நடந்து, கீர்த்தி ஆசாத்தின் ஆட்டமிழக்காத 71 ஓட்டங்களால் ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க இந்தியா வென்றது. அடுத்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஆட்டம் இந்திய மண்ணின் முதல் அதிகாரபூர்வ பகலிரவு ஒருநாள் ஆட்டம். பொது அரங்கின் விளக்கில்தான் இந்தியக் கிரிக்கெட் தன் இரவு வாழ்க்கையைத் தொடங்கியது என்பதை வாரியத்தின் வெற்றி வரலாறுகள் நினைவுகூர்வது அரிது. பின்னர் கிரிக்கெட் தனக்கெனச் சொந்தக் கோபுரங்களை நட்டுக்கொண்டது. இரவல் விளக்கின் தேவை தீர்ந்ததும் நேரு அரங்கின் தேவையும் தீர்ந்தது.

தில்லி தன் விளையாட்டுகளைப் பிரித்தே வைத்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தில்லி வாயிலருகே கிரிக்கெட்டுக்கு ஃபெரோஸ் ஷா கோட்லா. அதன் பக்கத்திலேயே கால்பந்துக்கு அம்பேத்கர் அரங்கு. ஒன்று கிரிக்கெட் சங்கத்தின் ஆளுகையிலும் மற்றது மாநகராட்சியின் கையிலும். கல்கத்தாவில் இப்படியில்லை. அங்கே கால்பந்து மழைக்காலத்துக்குரியது, கிரிக்கெட் குளிர்காலத்துக்குரியது. ஒரே ஈடன் தோட்டம் பருவந்தோறும் வேடம் மாற்றிக்கொண்டது. 1977 செப்டம்பரில் பெலே மோகன் பகானுக்கு எதிராக ஆடியது அங்கேதான். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் 16 ரசிகர்கள் மிதிபட்டு இறந்ததும் அங்கேதான். 1984-இல் சால்ட் லேக் அரங்கு திறந்தபின் அந்தக் கூட்டுக்குடித்தனம் மெல்ல முடிவுக்கு வந்தது. தில்லியிலோ தொடக்கத்திலிருந்தே பருவப் பங்கீட்டுக்கு வழியில்லை. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூராண்ட் கோப்பை 1940-இல் தில்லிக்கு இறங்கியபோது அதன் இறுதியாட்டம் டிசம்பரில் நடந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் ஓர் ஆங்கிலேயப் படையணியை வீழ்த்தி, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குடிமை அணியான ஆட்டம் அது. இரண்டு விளையாட்டுக்கும் ஒரே குளிர்காலம் வேண்டுமென்றால் இரண்டு மைதானம் வேண்டும்.

அந்த 1940 ஆட்டம் நடந்த இர்வின் திறந்தவெளி அரங்கு, பாவ்நகர் மன்னரின் கொடையில் 1933-இல் எழுந்தது. 1951 முதல் ஆசிய விளையாட்டு நடந்ததும், மேவாலாலின் ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியா கால்பந்துத் தங்கம் பெற்றதும் அங்கேதான். அது இன்று தியான் சந்த் பெயர் தாங்கி ஹாக்கிக்கே உரியதாகிவிட்டது. காரணம் அளவல்ல, ஹாக்கிக்குத் தேவை 91.4-க்கு 55 மீட்டர்தான், கால்பந்துக் களத்தைவிடச் சிறியது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கை இழைத் தளத்துக்கு மாறியது. புல் இருந்தவரை எல்லோருக்கும் பொதுவாயிருந்த நிலம், தளம் மாறியதும் ஒருவருக்கு மட்டும் உரியதாயிற்று.

தளம்தான் இந்தியச் சண்டையின் மையம் என்பதைக் கொச்சி நன்கு காட்டியது. அங்குள்ள நேரு அரங்கில் ஓடுபாதை இல்லை. வட்டமான கிரிக்கெட் நிலத்துக்குள் செவ்வகம் எளிதில் அடங்கும். கால்பந்துக் களத்தின் மூலை நடுவிலிருந்து 62.5 மீட்டர்தான். ஆனால் கிரிக்கெட்டின் நடுவே 22 கெஜத்துக்கு உருளையால் இறுக்கிய களிமண் வேண்டும். 22 கெஜம் என்பது 20.12 மீட்டர், கால்பந்தின் நடுவட்டத்தின் விட்டம் 18.3 மீட்டர். அதாவது கால்பந்து தொடங்கும் இடத்தையே கிரிக்கெட்டின் களிமண் மூடி, இருபுறமும் வெளியே நீளும். ஒன்றுக்குப் புல் வேரோடும் நெகிழ்ந்த மண். மற்றதற்குக் கல்லாய் இறுகிய மண். அயர்லாந்தில் இல்லாத பகை இது. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் போடப்பட்ட புல்தரையைக் கிளறி, மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் ஆட்டம் நடத்தலாம் என்ற திட்டம் 2018 மார்ச்சில் வெளிவந்ததும் கால்பந்து ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சச்சின் டெண்டுல்கரும் சௌரவ் கங்குலியும் புல்தரையின் பக்கம் பேசினர். ஆட்டம் திருவனந்தபுரம் காரியவட்டத்துக்கு மாற்றப்பட்டு நவம்பர் 1 அன்று நடந்தது. கால்பந்துக்கு நேர்ந்த வெற்றி என்று அதைக் கொண்டாடியோர் ஒன்றைக் கவனிக்கவில்லை: காரியவட்டமும் 2016 ஜனவரியில் ஆப்கானிஸ்தானை வென்று இந்தியா தெற்காசியக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கிய அரங்குதான்.

சென்னைவாசிகளுக்கு இது புதிய கதையல்ல. 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராகத் தொடக்க இணையாக 413 ஓட்டங்கள் சேர்த்து, 2008 வரை எவராலும் மிஞ்சப்படாத சாதனை படைத்தது சேப்பாக்கத்தில் அல்ல, இன்று கால்பந்தும் தடகளமும் நடக்கும் மாநகராட்சி நேரு அரங்கில். 1965 வரை அங்கே டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்ப, 1990களில் அந்த அரங்கு மறுபடி கட்டப்பட்டு ஓடுபாதை பெற்றது. இங்கும் மற்றவரின் நிலத்தில் தங்கிச் சென்றது கிரிக்கெட்டே.

ஆக, அயர்லாந்தில் நாட்டு விளையாட்டிடம் நிலமும் செல்வமும் இருந்தன. கதவைத் தட்டியது அயல் விளையாட்டு. இந்தியாவில் அயலாய் வந்த கிரிக்கெட்டே செல்வந்தன். 13-க்கு 10 மீட்டர் போதும் என்னும் கபடிக்கு எந்த அரங்கின் வாசலிலும் வழக்கில்லை. நேரு அரங்கு போன்ற பொதுச்சொத்துகளின் பராமரிப்புக்காகவே 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைந்தது. கிரிக்கெட் போனபின் அந்த அரங்கு கால்பந்துக்கும் தடகளத்துக்கும் முழுமையாக வாய்த்ததா என்றால், அதுவும் இல்லை. 2012-இல் கேமரூனைப் பெனால்டியில் வென்று நேரு கோப்பையை இந்தியா தக்கவைத்துக்கொண்டது. 2017 அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங், உலகக் கோப்பைகளில் இந்தியாவின் முதல் கோலை அங்கே அடித்தார். தில்லி டைனமோஸ் அணியோ அரங்கை நிரப்ப முடியாமல் 2019-இல் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்தது. 2024 அக்டோபரில் அங்கு நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்குப் பின், காலிப் புட்டிகளும் குப்பையும் ஓடுபாதையில் கிடந்த படங்களைப் பயிற்சிக்கு வந்த ஓட்டக்காரர்களே வெளியிட்டனர். பாட்டுக் கச்சேரிக்கு எல்லைக்கோடும் இல்லை, களிமண்ணும் வேண்டாம். எந்த வடிவத்திலும் அடங்கிவிடும். வாடகையும் அதிகம்.