கப்பல் ஏடும் குருதிச் சான்றும்

ஹரித்துவாரத்தில் கங்கை நீராடச் செல்லும் வட இந்தியக் குடும்பத்தினர், தம் குலத்துக்குரிய பண்டாவை நாடிச் செல்வது நெடுநாளைய வழக்கம். ஊரின் பெயரையும் குலத்தின் பெயரையும் சொன்ன அளவில், அவர் நீண்ட ஏடு ஒன்றை எடுத்து விரிப்பார். ‘பஹி’ எனப்படும் அவ்வேட்டில், பாட்டனார் எந்த ஆண்டில் வந்தார், உடன் வந்தவர் யாவர், அக்குடும்பத்தில் பிறந்தவர் யார், மறைந்தவர் யார் என்னும் விவரங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருக்கும். தீர்த்த யாத்திரை சென்று மீண்ட குடிகளுக்கு இவ்வாறு ஒரு நினைவேடு வாய்த்தது.

கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்றவர்களுக்கு அத்தகைய பண்டா எவரும் இல்லை. அவர்களைக் கப்பலேற்றிய அலுவலகத்து எழுத்தர் வரைந்த பட்டியலே அவர்களுடைய பஹி ஆயிற்று. அவர்களின் சந்ததியார் இன்று மூதாதையரைத் தேடும்போது அப்பட்டியலைப் புரட்டுகின்றனர், டி.என்.ஏ. பரிசோதனையையும் துணைக்கு அழைக்கின்றனர். இவ்விரு சான்றுகளும் எதனைச் சொல்ல வல்லன, எதனைச் சொல்லமாட்டா என்பதைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்றவர்களைக் கொண்டு ஆராய்வோம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்டு நேட்டாலில் இறங்கிய முதற்கூட்டம் அதுவே. அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை, சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியோர்.

கப்பற்பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு நேரே பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், அங்க அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. நெற்றியில் உள்ள தழும்பும் தோளில் உள்ள மச்சமும் ஆளை அடையாளம் கண்டு பிடிப்பதற்கென எழுதப்பட்டவை. அவன் பேரன்மாருக்காக எவரும் அவற்றை எழுதவில்லை. ஆயினும் புகைப்படம் இல்லாத பல குடும்பங்களுக்கு, முப்பாட்டனின் தோற்றத்தைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது அந்த ஒரு வரியே.

அவ்வரியை முழுவதும் நம்பிவிடவும் இயலாது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் வரைந்தமையால் ஒரே பெயர் பல வடிவங்களை அடைந்தது. நேட்டாலில் கவுண்டர் ‘கவெண்டர்’ எனவும், முதலி ‘மூட்லி’ எனவும் மாறி நிலைத்தனர். ஒரே பெயருடைய கிராமங்களும் பல. எல்லைகளோ அதன்பின் மாறிவிட்டன. அக்காலத்து வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சித்தூர், 1911இல் தனி ஜில்லா ஆயிற்று. இன்று அது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. வட ஆற்காடு என்று பட்டியலில் கண்டவர் இரு மாநிலங்களில் தேடவேண்டியிருக்கும்.

ஏடு தடுமாறும் இடத்தில் குருதி வழிகாட்டுமா? ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வது, மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. தாய் வழியே வருவது. ஏனைய பகுதியைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாகப் பெறுகிறோம். பாட்டனின் பாட்டன் என்னும் நிலையில் நமக்கு மூதாதையர் பதினாறு பேர். ஒருவரின் பங்கு சராசரி பதினாறில் ஒன்று. ஐந்து தலைமுறைக்கு முன் ஒரே தாய் தந்தையரிடமிருந்து பிரிந்த இரு கிளையினருள், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பொதுப் பகுதி எதுவும் பரிசோதனையில் தென்படுவதில்லை. ஆகவே பொருத்தம் காணாமை உறவின்மைக்குச் சான்றாகாது. மேலும், தம் இனத்துக்குள்ளேயே நெடுங்காலம் மணஞ்செய்து வந்த மக்களிடையே, தொலைவான உறவும் நெருங்கிய உறவுபோலத் தோன்றுவது உண்டு.

ஏடும் குருதியும் ஒருங்கே விசாரிக்கப்பட்ட புகழ்பெற்ற வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூடு, 2012இல் லெஸ்டர் நகரில் கார்கள் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. மன்னரின் தமக்கை ஆனின் பெண்வழிச் சந்ததியாரை ஏடுகளைக் கொண்டு கண்டறிந்தனர். அவர்களுடைய மைட்டோகாண்டிரியா எலும்போடு பொருந்திற்று. ஆனால் அரச குலத்து ஆண்வழியினர் என்று ஏடு கூறிய ஐவரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. நடுவே எங்கோ, தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தையாக இருக்கவில்லை. 2014இல் வெளியான இம்முடிவு, ஏடு இன்றி டி.என்.ஏ.க்குப் பெயர் சொல்லத் தெரியாது என்பதையும், டி.என்.ஏ. இன்றி ஏட்டின் பிழை புலப்படாது என்பதையும் ஒருசேர விளக்குகிறது.

நேட்டால் குடும்பத்தாருக்கும் இதுவே முறை. முதலில் வீட்டு முதியோரைக் கேட்டல் வேண்டும். பின்னர் மணப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் பார்த்து மூதாதையின் எண்ணைக் கண்டறிந்து, கப்பற்பட்டியலுக்குச் செல்லல் வேண்டும். கிராமம் தெரிந்த பிறகு, அவ்வூரில் உறவினராகக் கருதப்படுவோர் இசைந்தால் மட்டுமே பரிசோதனை பயன் தரும். அவர்களைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை.

மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய இடமும் ஒன்று உண்டு. கப்பலிலும் தோட்டத்திலும் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பிறர் எடுத்து வளர்த்ததுண்டு. அத்தகைய குடும்பத்தில் பரிசோதனை ஒரு பெயரைத் தள்ளிவிடக்கூடும். அதனால் வளர்த்தவர் அந்நியராகிவிடார். தம் சோற்றைப் பகிர்ந்து, தம் பெயரையும் கொடுத்தவரைக் கொடிவழியிலிருந்து நீக்குவதற்கு நியாயம் இல்லை. இரு பெயர்களையும் அருகருகே எழுதி வைப்பதே உண்மைக்கும் நன்றிக்கும் ஏற்றது.

சென்றவர்களின் சந்ததியார் இத்துணை பாடுபட்டுத் தேடும் செய்தி, ஊரில் தங்கிய நம்முள் பலருடைய இல்லத்தில் முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது. பாட்டனின் பாட்டன் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அதனைக் கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து, ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பதற்கு எந்தப் பரிசோதனையும் வேண்டியதில்லை. முதியோர் நம்மோடு இருக்கும்போதே அதனைச் செய்துவிடல் நன்று.