கஞ்சித்தொட்டிக்கு ரயில் ஓடாத ஒன்பது மாதம்

கொரோனாவில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. போகாமல் இருந்தவர்களைப் பற்றி எழுதத் தோன்றியது. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மீஞ்சூரானாலும் பழவேற்காட்டுக் குப்பங்களானாலும் பெரிய நோய் என்றால் நமக்கு ஸ்டான்லிதான். பெரியவர்கள் வாயில் அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782-இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்கிய இடம் அது. 1799-இல் அங்கே வைத்தியம் ஆரம்பமானது. ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் 1930-களில்தான் ஒட்டிக்கொண்டது. குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ மின்சார ரயில் ஏறி, வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஓ.பி. சீட்டு வாங்குவது, சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாதாமாதம் நடக்கிற காரியம். சிலருக்கு அதற்கும் முன்னால் ஏரியைப் படகில் தாண்ட வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் அந்த ரயில் நின்றது. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடியது. எல்லாரும் ஏற முடிந்தது டிசம்பர் 23-க்குப் பிறகு, அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு. நடுவில் ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து மீஞ்சூருக்கும் முழு ஊரடங்கு. மீன் விற்காததால் கையில் காசும் இல்லை. பழைய மாத்திரை அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டி நாலு நாளைக்கு வாங்கினார்கள். ஒரு மாத்திரையைப் பாதியாக்கி விழுங்கினார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஏரியில் பாட்டு முறையில் வலை போடுகிறவர், நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி இரண்டு நாள் தாங்கிக்கொண்டார். 108-ஐக் கூப்பிட்டால் கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள், அப்புறம் வீட்டார் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று பயம். உயிர் பிழைத்தார். மறுபடி வலை இழுக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை.

இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று சிலர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நாடு முழுக்க 187 மருத்துவமனைகளில் இதய நோய் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைவு. 41 புற்றுநோய் மையங்களில் மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர்கள் 54 சதவீதம் குறைந்தார்கள். இவர்களெல்லாம் படிக்காதவர்களா? காசநோயில் 2019-இல் 24 லட்சம் பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2020-இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, சளியைப் பரிசோதிப்பதுதான் குறைந்தது. அந்த ஆறு லட்சத்தில் பெரும்பாலோர் நோயோடு வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

ஆஸ்பத்திரிகளும் என்ன செய்யும்? ஓமந்தூரார் மருத்துவமனை முழுவதும் கொரோனாவுக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற இடங்களில் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். பிரசவத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது. 2021 மே மாதம் கதை தலைகீழானது: சென்னைப் பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அந்தந்த ஊர்க்காரர்கள். கஞ்சித்தொட்டி காலத்திலிருந்து நோயாளிதான் நடந்தான். மருந்து நடந்து வந்தது எனக்குத் தெரிந்து இப்போதுதான். மாத்திரையோடு தீர்கிற நோய்க்கு இது போதும். கீமோவுக்கு இன்னும் வண்ணாரப்பேட்டைப் பக்கம்தான் ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

அந்த ஒன்பது மாதத்து ஓ.பி. சீட்டு, இ-பாஸ், மாத்திரைக் கணக்கு எழுதிய நோட்டு எது உங்கள் வீட்டில் இருந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நர்ஸ் வேலையில் இருக்கும் பிள்ளைகள், அப்போது உங்கள் ஓ.பி.யில் கூட்டம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.