மூணு பாஷை தெரிஞ்ச ஒரு எழுத்து

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வச்சிருக்கிறவரை நினைச்சுக்கோங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு எதுல கேட்டாலும் சாமான் எடுத்துக் கொடுப்பார். பாஷைக்கு ஒரு ஆள் தேவையில்லை. செல்லும் இப்படித்தான் சமாளிக்குது.

எம்ஆர்என்ஏ செய்தியை மூணு மூணு எழுத்தா படிச்சு, அதுக்கேத்த அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குக் கொண்டுவர்றது டிஆர்என்ஏ. அமினோ அமிலத்தைக் குறிக்கிற மூணெழுத்துச் சொற்கள் 61. ஆனா நம்ம மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது வெறும் 22 டிஆர்என்ஏ. எப்படிக் கட்டுபடியாகுது?

1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாலி, அலனின் டிஆர்என்ஏவின் 77 எழுத்துகளையும் வரிசைப்படுத்தினார். அதுக்கு 140 கிலோ ஈஸ்ட் வாங்கி, கடைசியில் கையில் மிஞ்சினது சுமார் ஒரு கிராம்! பாடப்புத்தகத்து நாலு எழுத்தைத் தாண்டி, விசித்திரமான எழுத்துகளும் அதில் இருந்தன. டிஆர்என்ஏ தயாரான பிறகு என்சைம்கள் செய்த வேதி மாற்றங்கள் அவை. ஒண்ணு ஐனோசின்: அடினோசினில் இருந்து ஒரு அமினோ தொகுதியை எடுத்தா வர்றது.

1966-ல் பிரான்சிஸ் கிரிக் சொன்னார்: செய்தியைப் படிக்கிற முனையில் ஐனோசின் இருந்தா, யூ, சி, ஏ மூணோடயும் ஜோடி சேரும். யூ, சி சரி. ஆனா ஏ-யும் ஐனோசினும் ரெண்டுமே பெரிய மூலக்கூறு. அந்தச் சின்ன இடத்துல எப்படி அடங்கும்?

இதுக்குப் பதில் கிடைச்சது 2004-ல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜில் பிராங்க் மர்பியோட சேர்ந்து, ரைபோசோமுக்குள்ள அந்த ஜோடியை எக்ஸ்ரே படிகவியலில் படம் பிடிச்சார். வழக்கத்தைவிட அகலமான ஜோடி. ஆனாலும் ரைபோசோம் இடம் விட்டிருந்தது. 2009-ல் அவருக்கு நோபல் வந்தப்போ 'நம்ம ஊர்க்காரர்'னு கொண்டாடினோமே, இந்த வேலையைப் பத்தி எத்தனை பேர் பேசினோம்?

இந்த மாதிரி மாற்றம் நடக்காமப் போனா உடம்பே தாங்காது. மெலாஸ்னு ஒரு நோய், அம்மா வழியா வர்றது; சின்ன வயசிலேயே பக்கவாதம் மாதிரி தாக்கும். 1990-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க: மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் 3243-ஆவது எழுத்து, லூசின் டிஆர்என்ஏவில், ஏ-க்குப் பதில் ஜி. பிறகுதான் இன்னொண்ணு தெரிஞ்சது. அந்தத் தப்பு இருந்தா, டிஆர்என்ஏவின் படிக்கிற முனையில் ஒட்ட வேண்டிய டாரின் ஒட்டுறதில்லை. அதனால யூயூஜி-ங்கிற சொல்லை அதால சரியா படிக்க முடியறதில்லை.