மாடி வைத்த வீடு

சிதறாலுக்குப் போகிறவர்கள் மலையைப் பார்க்கத்தான் போகிறார்கள். அது நியாயம்தான். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், ரப்பரும் தென்னையும் மண்டிய ஊருக்கு மேலே, யாரோ வேண்டுமென்றே சாய்த்து வைத்ததுபோல ஒரு பெரும்பாறை. அதன் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். முக்குடையின் கீழே, நமக்கு முன்னும் பின்னும் நடந்த எதையும் கண்டுகொள்ளாத முகத்தோடு. சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை, பாம்புப் படத்தின் நிழலில் பார்சுவநாதர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இந்த மலைத் தேவிக்குப் பொன் நகைகள் கொடுத்ததாக வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்லுகிறது. பின்னாளில் சமணம் போய் பகவதி வழிபாடு வந்தது. பாறைக் குகைக்கு முன்னால் கல்தூண் மண்டபம் எழுந்தது. உள்ளே பழைய குடியிருப்பு, வெளியே புதிய முகப்பு.

நானும் இரண்டு முறை இதையெல்லாம் பார்த்துவிட்டு, இறங்கி, நேரே பஸ் ஏறியவன்தான். மூன்றாவது முறை பஸ் வரவில்லை. கூட வந்த நண்பர் சென்னையில் கட்டிடக் கலைஞர். வெயில் தாங்காத மனிதர். மார்த்தாண்டம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்ததும், நிழலுக்காக ஒரு வீட்டின் வாசலில் ஒதுங்கினோம்.

வாசல் வளைவில் சுண்ணாம்புச் சாந்தில் எண்கள் புடைத்திருந்தன: 1083.

"ராஜேந்திரனுடைய பேரன் காலமா?" என்றார் நண்பர். கிண்டலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, திகைத்துத்தான் நின்றிருந்தார். கொல்லம் ஆண்டு அவருக்குத் தெரியாது. பழைய திருவிதாங்கூரில் பிறந்தவர்களுக்கு அது பிறந்த தேதியைப்போல. 825-ஐக் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்: 1907 அல்லது 1908. லண்டனில் ஏழாம் எட்வர்டு அரசாண்ட காலம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீமூலம் திருநாள்.

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயது இருக்கும். "வெயில்ல நிக்கண்டாம், உள்ள வாருங்க சார்" என்று கூப்பிட்டு, இளநீர் வெட்டச் சொன்னார். "எங்க பாட்டா கெட்டின வீடு" என்றார். அந்தத் தொனியில் பெருமை இருந்தது; கொஞ்சம் மன்னிப்புக் கோருவதும் இருந்தது. வீடு அந்த நிலையில் இருந்தது.

முதலில் வெளிமுகத்தைச் சொல்லுகிறேன். சாலையைப் பார்த்த வராந்தா; உருண்டைத் தூண்கள்; தூண்களின் தலையில் கொத்தனார் எங்கோ பார்த்த படத்தை நினைவிலிருந்து வார்த்ததுபோல இலைக்கொத்து. சன்னல்களின் கீழ்ப்பாதி மரச் சட்டக் கதவு. மேல்பாதியில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். அவற்றில் பாதி இப்போது அட்டை. மேலே ஒரு மாடி அறை மட்டும் சாலையை நோக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் துருத்தி நிற்கிறது.

உள்ளே நுழைந்தால் வேறு தேசம். நிரைப்பலகைச் சுவர்கள். அயினி மரத்தில் கதவுகள், தலை குனியாமல் நுழைய முடியாத உயரத்தில். நெல் போடும் அறைப்புரை. நடுவில் வானம் பார்த்த முற்றம். அடுக்களைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு. பத்மநாபபுரம் அரண்மனையைக் கட்டிய அதே தச்சுக் குலத்தின் கைவேலைதான். அளவு மட்டும் சிறியது. ஆணி குறைவு, பூட்டு அதிகம்.

"வேஷம்" என்றார் நண்பர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "உடம்பு நம்மூர், முகத்துக்கு மட்டும் துரை வீட்டு மாவு. இதைவிட உள்கட்டு மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும்!"

அவர் சொன்னதில் தொழில் நியாயம் இருக்கிறது. எட்வர்டு காலத்து வீடு என்று இங்கிலாந்தில் சொல்வது, அதற்கு முந்தைய விக்டோரியா காலத்து இருட்டுக்கு எதிராக எழுந்த ஒன்று. வாயு விளக்கின் புகைக்குப் பயந்து கரும்பச்சையும் கருஞ்சிவப்புமாகச் சுவர் பூசி, கனத்த திரை போட்டு, அறை நிறையச் சாமான் அடைத்து வாழ்ந்தவர்கள், மின்சாரம் வந்ததும் சுவரை வெளிறச் செய்தார்கள், கூடத்தை அகலமாக்கினார்கள், சன்னலைப் பெரிதாக்கினார்கள். வெளிச்சத்தின் பேரில் ஒரு காதல். அந்தக் காதலுக்கு இங்கே காரணமே இல்லை. வெயில் இலவசமாகக் கிடைக்கிற ஊர் இது. அப்படியிருக்க இந்தச் சன்னல் எதற்கு?

இதற்குப் பதில் கட்டிடக் கலைப் புத்தகத்தில் இல்லை. விளவங்கோடு தாலுகாவின் கதையில் இருக்கிறது.

1871-ல் லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பகுதியில் பனையேறியும் நிலம் உழுதும் வாழ்ந்த மக்களுக்கு, அதாவது இன்று நாடார்கள் என்று நாம் அறிகிறவர்களுக்கு, எவையெல்லாம் விலக்கு என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை கூடாது. பசுவைக் கறக்கக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. இவற்றோடு ஒன்று: ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது.

பெண்கள் மார்பை மூடலாமா கூடாதா என்பதற்கே இங்கே 1822 தொடங்கிக் கலகம் நடந்தது. சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் விடுத்து அனுமதித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுக்கக் கூடாது என்று ஒரு வால். துணிக்கே இத்தனை என்றால் மாடிக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அரசருக்கு இந்தத் தொல்லை இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கென்று இந்திர விலாசம் கட்டியபோது, உயர்ந்த சன்னலும் அகன்ற அறையுமாக அன்னிய பாணியைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் வேஷம் என்று சொல்லவில்லை. இன்று வழிகாட்டிகள் அந்தப் பகுதியைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். சாதாரண ஜனங்கள் கண்ட ஆங்கில வீடு வேறு: நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் இருந்த பாதிரி பங்களாக்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் கண்ட வராந்தா அது. 'உள்ளே வா' என்று சொன்ன முதல் வராந்தா என்றுகூடச் சொல்லலாம். பனையும் கருப்பட்டியும் வியாபாரமும் சேர்ந்து கையில் காசு புரண்டபோது, எந்த வீட்டைப்போலக் கட்டத் தோன்றும்? தம்மை வெளியே நிறுத்திய நாலுகட்டுத் தரவாட்டைப் போலவா?

உள்கட்டைப் பழக்கத்துக்காகக் கட்டினார். வெளிமுகத்தை ஊருக்காகக் கட்டினார். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மறுபடி தூண்களைப் பார்க்கப் போனார். அவர் நல்ல மனிதர்.

இதற்குள் பெரியவர் ஒரு ஓட்டை எடுத்து வந்தார். "வீடு 1865-ல கெட்டினதுன்னு சிலபேரு சொல்லுவாவ. இதப் பாருங்க" என்றார். ஓட்டின் முதுகில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தன. இந்த எண் பல குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது. அது அந்தச் சுவிஸ் மிஷன் மங்களூரில் முதல் ஓட்டுச் சூளை வைத்த ஆண்டு. வீட்டின் வயது அல்ல. ஆனால் ஓடு வேறொரு சாட்சி சொல்லும். முதல் மகாயுத்தத்தில் அந்த மிஷனை எதிரி நாட்டுத் தொடர்புடையது என்று கருதி, அதன் தொழிற்சாலைகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் சேர்த்தது. ஆகவே மிஷன் பெயருள்ள ஓடு யுத்தத்துக்குப் பின் சுட்டதாக இருக்க முடியாது. வாசல் வளைவின் 1083 பொய் சொல்லவில்லை.

இந்த மாதிரி வீடுகளுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டால், பிறந்த இடத்திலேயே ரொம்ப நாள் இல்லை. இங்கிலாந்தில் விக்டோரியா, எட்வர்டு காலத்துக் கட்டிடங்களை அசிங்கம் என்று இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 1957 நவம்பரில் லண்டனில் ஸ்டாஃபர்ட் டெரஸ் என்ற தெருவின் 18-ஆம் எண் வீட்டில் சிலர் கூடி, அவற்றைக் காக்க விக்டோரியன் சொசைட்டியைத் தொடங்கும் யோசனையை எழுப்பினார்கள். ஒரு பழைய கேலிச்சித்திரக்காரரின் வீடு அது. சாமான்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. வீட்டைக் காக்கும் யோசனை ஒரு வீட்டுக் கூடத்தில் பிறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகும் 1961-ல் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பெரிய வளைவை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம்முடைய 1958-ஆம் ஆண்டுச் சட்டம், புராதனச் சின்னமாக எண்ணப்பட நூறு ஆண்டு நின்றிருக்க வேண்டும் என்கிறது. எட்வர்டு 1910-ல் இறந்தார். அவர் காலத்து வீடுகளெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. ஆனால் நூறு வயது மட்டும் ஒரு வீட்டைக் காப்பாற்றாது. மலைமேல் உள்ள தீர்த்தங்கரர்களுக்கு மத்திய தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. பத்மநாபபுரம் 1956-ல் மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தபிறகும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் நின்ற இந்த மாதிரி வீட்டை நினைவில் வைத்தவர்கள் எழுத்துக்காரர்கள்தான். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் இந்த மண்ணைப் பற்றி நாவல் எழுதியபோது அதற்கு ஒரு வீட்டின் பெயரையே வைத்தார்: 'புத்தம் வீடு'.

மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஏணி ஆடும், பாத்து ஏறுங்க" என்றார் பெரியவர். மரப்படிகள், செங்குத்தாக. மேலே ஒரே ஒரு அறை. அலமாரி இல்லை, கட்டில் இல்லை, சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. சாலையைப் பார்த்த அந்தத் துருத்திய சன்னலுக்குள் ஒரு சாய்வு நாற்காலி; பிரம்பு அறுந்து தொங்கியது.

"இங்கே யார் படுப்பார்கள்?"

"யாரும் படுக்கதில்ல. மூணு தலைமுறையா வெறுமனே கெடக்கு. பாட்டா மட்டும் சாயங்காலம் கேறி வருவாரு. நான் சின்னப் பயலா இருக்கும்போ பாத்திருக்கேன்."

"வந்து என்ன செய்வார்? படிப்பாரா?"

"படிக்கத் தெரியாது. ஒண்ணும் செய்யமாட்டாரு. ரோட்டப் பாத்து இருப்பாரு. விளக்கு வைக்கது வரைக்கும் இருப்பாரு. பொறவு எறங்கிருவாரு."

நண்பர் சன்னலருகே போய் நின்று சாலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு லாரி, இரண்டு பள்ளிப் பெண்கள், தூரத்தில் எங்கள் பஸ்.

இறங்கும்போது பெரியவர் சொன்னார். பிள்ளைகளில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் திருவனந்தபுரத்தில். பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் இரண்டு தடவை வந்துபோயிருக்கிறார். அறைப்புரைக்கு ஒரு விலை, நிரைப்பலகைக்கு ஒரு விலை, கதவுகளுக்குத் தனி விலை. கேரளத்தில் ஏதோ உல்லாச விடுதியில் பழைய தறவாடுபோலப் பொருத்தி வைப்பார்களாம்.

"மாடிச் சன்னலுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வில ஒண்ணும் சொல்லல்ல. கண்ணாடி ஒடஞ்சு போச்சுல்லா. அத இடிச்சுத்தான் எடுக்கணும்னான்."