பட்டமும் இசைவும்

கிள்ளானில் வாழும் தமிழர்க்கு ஏறுதழுவுதல் புதிதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி அதனைப் பாடும். மாடு மேய்ப்போர் தொழிலிற் பிறந்த அத்தகு வீரவிளையாட்டு விழா ஒன்று, கனடாவின் கால்கரி நகரில் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் பத்து நாள் நிகழ்கிறது.

1912இல் நடந்த முதல் விழாவில், முரட்டுக் குதிரையேறிப் பட்டம் வென்றவர் யார்? கைனாய்ப் பழங்குடியைச் சேர்ந்த டாம் திரீ பெர்சன்ஸ். ஈராண்டும் நிறையவில்லை, மேற்கு மாகாணப் பழங்குடியினர் தம் மரபுடையில் இத்தகைய விழாக்களிற் பங்குகொள்ள அரசின் இசைவு வேண்டுமென்று 1914இல் கனடா அரசு சட்டத்தைத் திருத்திற்று.

திறமையைக் கைதட்டி வரவேற்றவர், உரிமையைப் பூட்டி வைத்தனர்! உழைப்பைக் கணக்கேட்டில் எழுதி, உழைத்தவன் உரிமையை எழுதாது விட்ட தோட்ட வரலாறு நமக்கும் உண்டன்றோ? விழாக் காணச் செல்வோர், வீரனை மட்டுமன்று, அவனைக் கட்டிய சட்டத்தையும் காண்பாராக.